பன்னிரண்டாவது நிமிடம்

பலாப்பழத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள் சார். எனக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் இவன் பிரேக் போடுகிற லட்சணத்துக்கு அது உருண்டு டிரைவர் காலடிக்கே போய்விடும். வடகாட்டுப் பழமா? மணி என்ன இப்போது? ஏழு நாற்பதா. அப்படியென்றால் புதுக்கோட்டை ஸ்டாண்டில் பதினொரு நிமிடம் நிறுத்தியிருக்கிறான். ஐந்து நிமிடம்தான் இவனுக்கு. நான் யாரிடமும் சண்டைக்குப் போகிறவன் இல்லை, சும்மா சொல்கிறேன்.

கையில் கடிகாரம் இல்லாததால் உங்களைக் கேட்கிறேன். பத்தொன்பது வருஷம் கட்டியிருந்த கடிகாரத்தைப் பரீட்சைக்காக மகளுக்குக் கொடுத்தேன். ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். எடுத்து நானே கட்டிக்கொள்ளலாம். கொடுத்ததைத் திரும்ப எடுப்பது சரியாகப் படவில்லை. செல்போனில் மணி பார்க்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. அது தானாகவே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அப்படிப்பட்ட கடிகாரத்தை எதை வைத்து நம்புவது?

அதோ, மூன்று சீட் முன்னால், ஜன்னலோரம், ஊதா சுடிதார். அவள்தான் என் மகள். பவதாரிணி. வீட்டில் பவா. காதில் வயர் எதுவும் இல்லை, நாம் பேசுவது கேட்கும். கேட்கட்டும். மறைத்துப் பேச என்ன இருக்கிறது? சென்னைக்குப் போகிறோம். திருச்சியில் வேறு பஸ் மாற வேண்டும். பரீட்சைத் துறையில் பெரிய அதிகாரி ஒருவரைப் பார்த்து நேரில் மனு கொடுக்கப் போகிறேன். தபாலில் போட்டால் அது எந்த மேஜையில் தூங்கும் என்று நமக்குத் தெரியும். மனு கொடுப்பவன் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தினால்தான் மதிப்பு. அதனால் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பிளஸ் டூ கணக்கில் அறுபத்தாறு போட்டிருக்கிறார்கள் சார். நூற்றுக்கு அறுபத்தாறு. காலாண்டில் தொண்ணூற்றேழு வாங்கிய பிள்ளைக்கு!

இருங்கள், முறையாகச் சொல்கிறேன். என் பெயர் அருணகிரி, அறந்தாங்கிப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, அரை மார்க்கில் இன்ஜினியரிங் கைநழுவி, பாலிடெக்னிக்கில் திடீரென்று இங்கிலீஷில் முங்கி எழுந்தவன் நான். இன்றைக்கும் எண்ணுவது இங்கிலீஷில், திட்டுவது தமிழில். அந்த அரை மார்க் எங்கே போனது என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். எந்தக் கேள்வி, எந்த வரி என்று. என் காலத்தில் விடைத்தாளைக் கேட்டு வாங்குகிற வசதியெல்லாம் ஏது?

மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பர். வேலை செய்கிறவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்தான், எல்லாம் என் ரிஜிஸ்டரில் இருக்கும். கழுத்தில் விசில். நான் ஊதினால் தூக்கிய செங்கல்லை அப்படியே கீழே வைப்பார்கள். நாலாயிரம் பேர் சார். ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பம் வந்து ஒருவனுடைய நாள் போய்விடக் கூடாது என்று, ஏழு எழுதினால் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு போடுவேன். பத்தொன்பது வருஷத்தில் என் ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் கிடையாது.

அதை விட்டுவிட்டுத்தான் வந்தேன், போன நவம்பரில். பிள்ளை பிளஸ் டூ, பக்கத்தில் அப்பன் இருக்க வேண்டாமா? "எதுக்குங்க இப்ப அவசரம், அவ பாட்டுக்குப் படிக்கிறா" என்று என் மனைவி மங்கை போனில் சொன்னாள். பெண்களுக்கு இதன் கனம் தெரியாது. அதே மாதம்தான் கம்பெனியில் விரல் ரேகை வைக்கிற மெஷின் மாட்டினார்கள், அது வேறு விஷயம். நான் வந்தது பிள்ளைக்காக.

வந்து பார்த்தால் சார், அந்த வீட்டில் நேரம் என்கிற ஒன்றே இல்லை! இவள் ஒரு கணக்கை எடுத்தால் அது முடிகிற வரை உட்கார்ந்திருப்பாள். அரை மணி ஆனாலும் அதே கணக்கு. தட்டில் தோசை காய்ந்துகொண்டிருக்கும். முடிந்ததும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே ஒரு சிரிப்பு. "பரீட்சையில இப்படி உக்காந்தா என்னாகும்?" என்று கேட்டேன். "வந்துரும்ப்பா, எழுத எழுத வேகம் வந்துரும்" என்றாள். யார் சொன்னது? டீச்சர் சொன்னாராம்.

அன்றைக்கே கேபிளைப் பிடுங்கினேன். பிளஸ் டூ வீடு என்றால் அப்படித்தானே? மச்சினி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு யாரும் போகவில்லை. கேட்டவர்களிடம் "இந்த வருஷம் பிளஸ் டூ" என்றேன், அவர்களும் துக்க வீட்டில் தலையாட்டுவது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டேன். கேளுங்கள், இது எந்த டியூஷனிலும் கிடைக்காது. மூன்று மணி நேரம் என்றால் நூற்றெண்பது நிமிடம். ஐந்து மார்க் கேள்வி ஏழு, ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். மூன்று மார்க் ஏழு, ஆறு ஆறு நிமிடம். இரண்டு மார்க் ஏழு, நாலு நாலு நிமிடம். ஒரு மார்க் இருபது, ஒவ்வொரு நிமிடம். கூட்டினால் நூற்று எழுபத்து நாலு. மிச்சம் ஆறு நிமிடம், தாள் கட்டவும் நம்பர் சரிபார்க்கவும். பெரிய கேள்வி முதலில், சின்னது பின்னால். சுத்தமாக இருக்கிறதா இல்லையா?

சட்டம் இரண்டுதான். விசில் ஊதினால் பேனா மேலே வந்துவிட வேண்டும், எந்த எழுத்தில் இருந்தாலும் சரி. திரும்பிப் போகக் கூடாது. திரும்பிப் போனால் மொத்த ரிஜிஸ்டரும் குலைந்துவிடும்.

தினமும் காலை நாலரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முதல் வாரம் அழுதாள். "ஒரே ஒரு வரிப்பா, விடை வந்துருச்சுப்பா, எழுதிக்கிறேன்ப்பா" என்பாள். அந்த ஒரு வரியில்தான் சார் மனுஷன் தோற்கிறான். நான் ஊதினேன். மூன்றாவது வாரம் அழுகை நின்றது. ஜனவரியில் எப்படி ஆகிவிட்டாள் தெரியுமா? அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் இங்கே பேனா மேலே வந்துவிடும்! அவ்வளவு பழக்கம் ஏறிவிட்டது. அப்புறம் மங்கையிடம் சொல்லி, பரீட்சை முடிகிற வரை குக்கரே வேண்டாம், சோற்றை வடித்துவிடு என்றேன். மூன்று மாதம் வடித்த சோறுதான். அவளும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

இது என்ன ஊர்? கீரனூரா. மணி எட்டு பதினைந்து இருக்குமே. பதினெட்டா? பாருங்கள், மூன்று நிமிடம். அதோ கண்டக்டர் ஊதுகிறார் பாருங்கள், ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. அவளைக் கவனித்தீர்களா? விசில் சத்தத்துக்குத் தோள் லேசாக எழும்பியது. பார்க்கவில்லையா? அடுத்த தடவை பாருங்கள். இன்னும் அந்தப் பயிற்சி உடம்பில் இருக்கிறது.

மார்க்கா? ஆமாம், அதைச் சொல்ல வேண்டும். காலாண்டில் தொண்ணூற்றேழு. அப்போது நான் மஸ்கட்டில், போனில்தான் கேட்டேன். அது அவர்கள் பள்ளிக்கூட டீச்சரே திருத்தியது, கொஞ்சம் தாராளமாகப் போட்டிருப்பார், விடுங்கள். அரையாண்டில் எண்பத்து நாலு. அந்தச் சமயம் அவளுக்குச் சளி. முதல் திருப்புதல் தேர்வில் எழுபத்தொன்பது. அது பேப்பர் கஷ்டம் என்று எல்லோருமே சொன்னார்கள். இரண்டாவதில் எழுபத்திரண்டு. அதற்கு நான் ஒரு வாரம் இரண்டு வேளையை மூன்று வேளையாக ஆக்கினேன். பிறகு பரீட்சை வந்துவிட்டது.

பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரமும் நின்றேன். உள்ளே விசில் அடிக்க முடியாதே, பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தவிப்பு. அதற்காகத்தான் என் கடிகாரம். வெளியே வந்தாள். "எப்படி?" என்றேன். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான்ப்பா" என்றாள். "கடைசி ஆறு நிமிஷம் மிஞ்சுச்சா?" "மிஞ்சுச்சு." "என்ன செஞ்ச?" "சும்மா உக்காந்திருந்தேன். திரும்பிப் போகக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல?" எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். ஆறு நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள் என் பெண்! பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் அரைக் கிலோ கேக் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம். அவள் சாப்பிடவில்லை. களைப்பு.

மே மாதம் பார்த்தால் அறுபத்தாறு.

நீங்கள் என்ன நினைப்பீர்கள் அந்த இடத்தில்? பிள்ளை சரியாக எழுதவில்லை என்றா? நான் கண்ணால் பார்த்து வளர்த்த பயிற்சி. தப்பு அந்தப் பக்கம்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தேன். "வேணாம்ப்பா" என்றாள் பவா. "எதுக்குப் பயப்படுறே? உன் எழுத்து, உன் தாள்" என்றேன். "அதுக்கில்லப்பா" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போராடும் குணம் கிடையாது சார்.

நகல் வந்தது. பிரவுசிங் சென்டரில் கலர் மெஷின் ரிப்பேர், கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தேன். இந்தாருங்கள், மடியில் வைத்துப் பாருங்கள். பயப்படாதீர்கள், உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்கே இந்தக் கணக்கெல்லாம் மறந்துபோய்விட்டது. எழுத்து எவ்வளவு அழகு பாருங்கள். ஒரு அடித்தல் இல்லை. என்னுடைய ரிஜிஸ்டர் மாதிரி.

முதலில் அவளுடைய கணக்கு டீச்சரிடம் கொண்டுபோனேன். ஜெசிந்தா மேரி என்று பெயர். நல்ல மனுஷிதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "சார், இவ ஏன் எல்லாத்தையும் கரைக்குப் பக்கத்துல வந்து விட்டிருக்கா? இந்தா, இதுக்கு இன்னும் ரெண்டே வரி. இதுக்கு ஒரே வரி. விடையே எழுதலையே" என்றார். "ஸ்டெப்புக்கு மார்க் உண்டுல்ல டீச்சர்?" என்றேன். "ஸ்டெப்புக்குத்தான் சார் அறுபத்தாறு வந்திருக்கு" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! இந்த ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி பகலாக ஒரு வாரம் பார்த்தேன். ஒரு நாள் சிக்கியது. இதோ, முதல் பெரிய கேள்வி முடிகிற இடம், இடது பக்க ஓரம். பொடியாக ஒரு எண் இருக்கிறதா? பன்னிரண்டு. பக்கத்தைத் திருப்புங்கள். அடுத்த பெரிய கேள்வி, அதே ஓரம், இருபத்து நாலு. அடுத்தது முப்பத்தாறு. இப்படியே போகும். மார்க் என்று நினைத்துவிடாதீர்கள், ஐந்து மார்க் கேள்விக்கு யார் பன்னிரண்டு போடுவார்கள்? அப்படியானால் என்ன? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சொன்னார், பேப்பர் திருத்துகிறவருக்குக் காலையில் பன்னிரண்டு, மத்தியானம் பன்னிரண்டு என்று கணக்காம். அவ்வளவுதான், எனக்குப் பளிச்சென்றது! பன்னிரண்டு, இருபத்து நாலு, முப்பத்தாறு. அந்த ஆள் இதுவரை எத்தனை பேப்பர் ஆயிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டே திருத்தியிருக்கிறார் சார்! என் பிள்ளையின் தாளில் தன்னுடைய டூட்டிக் கணக்கை எழுதியிருக்கிறார்! கவனம் எங்கே இருந்திருக்கும்? கைதான் இங்கே, மனசு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில். டைம் கீப்பரை ஏமாற்ற முடியுமா? இந்த மாதிரி ஆட்களை நான் பத்தொன்பது வருஷம் பார்த்தவன்.

மங்கையிடம் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்னங்க, இந்த நம்பரப் பாத்தா எனக்கு வேற என்னமோ" என்று ஆரம்பித்தாள். பவா கதவோரம் நின்றிருந்தாள். "அம்மா" என்றாள், அவ்வளவுதான். மங்கை தாளை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பவாவிடம், "நீயே பாரு, உனக்கு நடந்த அநியாயத்தை" என்று நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்படியே இருக்கட்டும்ப்பா" என்றாள். எப்படியே இருக்கட்டும்? விட்டுவிடுவதா? அப்பன் எதற்கு இருக்கிறேன்?

மறுகூட்டலுக்குப் போட்டேன். 'மாற்றம் இல்லை' என்று முந்தாநாள் ஒரு வரி வந்தது. கூட்டல் சரியாகத்தான் இருக்கும், கவனம் இல்லாததை எந்தக் கூட்டல் காட்டும்? அதனால்தான் நேரில் மனு. இரண்டு பிரதி டைப் அடித்து, அந்த எண்கள் வருகிற ஏழு இடத்துக்கும் பக்க எண் போட்டு வைத்திருக்கிறேன்.

இது மாத்தூர்தானே? மணி எட்டு நாற்பத்தைந்தா. சரி, சரி. பரவாயில்லை. எனக்குக் காலை நீட்ட முடியவில்லை, அதுதான் அசைகிறேன். உங்கள் பழத்தால் இல்லை.

நீங்கள் கேட்டது சரிதான், இன்ஜினியரிங் இல்லாமல் வேறு எதற்கும் போடவில்லையா என்று. போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான். திருச்சியில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். மற்ற பாடமெல்லாம் தொண்ணூற்றுக்கு மேல் இருப்பதால் ரேங்க் லிஸ்டில் முப்பத்தெட்டாவதாக வந்திருக்கிறாள். கவுன்சிலிங்குக்கு மெசேஜ் வந்தது. என்றைக்குத் தெரியுமா? இன்றைக்கு. காலை பத்து மணிக்கு, பெற்றோருடன் நேரில். வராதவர் இடம் அடுத்தவருக்கு. மொத்தமே நாற்பது சீட்.

"போய்ட்டு அப்புறம் சென்னைக்குப் போலாமாப்பா?" என்று கேட்டாள். நியாயமாகத்தான் கேட்டாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு கையில் அறுபத்தாறு தப்பு என்று மனு, இன்னொரு கையில் அதே அறுபத்தாறைக் காட்டி வாங்கிய சீட்டு. அந்த அதிகாரி சிரிக்க மாட்டாரா? அங்கே போய்க் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மார்க் ஏறினால் இன்ஜினியரிங்குக்கே போகலாம். "நாளைக்கே ஒரு முடிவு தெரிஞ்சுரும்மா" என்றேன். "அந்த சீட்டு நாளைக்கு இருக்காதுப்பா" என்றாள். "இல்லாட்டி போகுது" என்றேன். "சரிப்பா" என்றாள். சரி என்றுதான் சொன்னாள், சார். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

பையைப் பார்த்தீர்களா, அவள் மடியில்? போய்வர ஒரு நாள் பயணம். அதற்கு இவ்வளவு பெரிய பை. காலையில் கிளம்பும்போது மங்கை அதில் என்னவோ ஃபைலைத் திணித்துக்கொண்டிருந்தாள். டி.சி., ஜாதிச் சான்றிதழ், ஆறு போட்டோ. "சென்னையில எதுக்குடி ஜாதிச் சான்றிதழ்?" என்றேன். "இருக்கட்டும், கனக்கவா போகுது?" என்றாள். என்னவோ இருவரும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

என்ன, எந்தப் பக்கம்? இதுவா? இது ஆறாவது பெரிய கேள்வி. ஆமாம், ஓரத்தில் எண் இருக்கிறது. எழுபத்திரண்டு. ஆறாவது பன்னிரண்டு. அடுத்தது எண்பத்து நாலு, அதோடு நின்றுவிடும்.

என்ன கேட்டீர்கள்? ஐந்து மார்க் கேள்விக்கு எத்தனை நிமிடம் வைத்திருந்தேன் என்றா? சொன்னேனே. பன்னிரண்டு. பெரிய கேள்வி முதலில். ஒன்றுக்குப் பன்னிரண்டு, இரண்டுக்கு இருபத்து நாலு, மூன்றுக்கு...

இல்லை சார். அப்படி இருக்காது. திருத்துகிறவர்களுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டுதானே, சொன்னேனே, அந்த வாத்தியார் கூட... இது தற்செயலாக ஒன்றாக வந்தது. மார்ஜினில் எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்கு விடைத்தாள் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, அவள் எழுத மாட்டாள். சட்டத்தை மீறுகிற பிள்ளை இல்லை. கொடுங்கள் இப்படி. வெளிச்சத்தில் பார்க்கிறேன். பஸ் ஆடுகிறது.

எழுபத்திரண்டு.

அந்த ஏழு எழுதியிருப்பதைப் பாருங்கள் சார். இல்லை, நீங்கள் பார்க்க வேண்டாம்.

குறுக்கே கோடு இருக்கிறது. வயிற்றில். நான் சொல்லிக்கொடுத்தது, இவள் மூன்றாவது படிக்கும்போது. லீவுக்கு வந்திருந்தேன். கோடு போட்ட ஏழுக்கு அவள் வகுப்பில் டீச்சர் தப்புப் போட்டார், இவள் மாற்றிக்கொள்ளவே இல்லை. 'எங்கப்பா இப்படித்தான் எழுதுவாங்க' என்று சொல்லிவிட்டாளாம். அதை மங்கை போனில் சொல்லிச் சிரித்தாள்.

உள்ளே நான் ஊத முடியாதே என்று வெளியே நின்று தவித்தேன். அவளே ஊதிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே பாருங்கள், முப்பத்தாறு என்று எழுதியிருக்கிற இடத்தில். வரி பாதியில் நிற்கிறது. ஈக்குவல் டு போட்டிருக்கிறாள். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. வெறும் தாள். விடை தெரிந்திருக்கும் சார். தெரியாமல் ஈக்குவல் டு போடுகிற பிள்ளை இல்லை அவள். ஒவ்வொன்றிலும் அப்படி. கடைசியில் ஆறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு...

இதை மனுவில் ஏழு இடத்தில் பக்க எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

நான் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ஏழு எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்? கோடு போட்ட ஏழு வேறு யாரும் எழுத மாட்டார்களா? திருத்தியவர் கூட எங்கேயாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவராக இருக்கலாம். மணி என்ன சார்? ஒன்பது ஐந்தா. டோல்கேட் வந்துவிட்டதா? பத்து மணிக்குத்தான் கவுன்சிலிங். இங்கிருந்து கல்லூரிக்கு டவுன் பஸ் உண்டா? எவ்வளவு நேரம்? இல்லை, சும்மா கேட்கிறேன். சென்னைக்குப் பஸ் நாளைக்கும் இருக்கிறது, அதிகாரி எங்கே ஓடிவிடப் போகிறார்?

என்ன இது, அவள் எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டுகிறாள். இன்னும் ஸ்டாண்ட் வரவில்லையே. பவா! எங்க போற?

என்ன சொல்கிறாள்? உங்களுக்குக் கேட்டதா?

"நான் இங்க எறங்கிக்கிறேன்ப்பா. நீங்க சென்னைக்குப் போய்ட்டு வாங்க. அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லிக்கிறேன்" என்கிறாள்.

பெற்றோருடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். இவள் தனியாகப் போய் அப்பா ஊரில் இல்லை என்று சொல்லப் போகிறாளாம். நான் மஸ்கட்டில் இருந்தவரை அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் தொண்ணூற்றேழு வாங்கினாள்.

சார், காலை ஒதுக்குங்கள். பழத்தை அந்தப் பக்கம். இந்த ஃபைல் உங்கள் மடியிலேயே இருக்கட்டும், இல்லை, கொடுங்கள், இல்லை, இருக்கட்டும். எவ்வளவு கூட்டம் இந்த நேரத்தில். கொஞ்சம் வழி விடுங்கம்மா. படிக்கு வந்துவிட்டாள், ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே, பை கம்பியில் மாட்டியிருக்கிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைக்கிறாரே, இப்போது ஊதினால் அவள் அப்படியே நின்றுவிடுவாள் சார், எனக்குத் தெரியும், அப்படியே நின்றுவிடுவாள்.

யோவ் கண்டக்டர்! ஊதாதய்யா! பிள்ள இன்னும் எறங்கி முடிக்கல!